நாஞ்சில் நாட்டு வயலும் சடங்கும்

(நாகர்கோவிலை அடுத்த ஒரு கிராமத்தில், கும்பப்பூ அறுவடை முடிந்தபின் கூடிய கூட்டத்தில் செய்த பிரசங்கம்)



உழவு வேலையையும் அதைச் சுற்றிக் கட்டப்பட்டிருக்கிற சடங்குகளையும் பற்றிப் பேசவேண்டுமென்று இந்த ஊர் வாலிபர்கள் என்னைக் கேட்டுக் கொண்டார்கள். என் முன் உட்கார்ந்திருப்பவர்களில் பாதிப் பேருக்கு மேல் அரிவாள் பிடித்துக் கை காய்த்துப் போனவர்கள். உங்களுக்கு உழவைப் பற்றிப் போதிக்க எனக்கு எவ்வித யோக்கியதையும் கிடையாது. ஆனால், உங்கள் உழைப்பின் பலனை யார் கொண்டுபோகிறார்கள், எந்தப் பேரைச் சொல்லிக் கொண்டுபோகிறார்கள் என்று கணக்குக் கேட்க மனிதராய்ப் பிறந்த எவருக்கும் பாத்தியமுண்டு. அந்தக் கணக்கைத்தான் இன்று கேட்கப் போகிறேன்.

நாஞ்சில் என்ற சொல்லுக்குக் கலப்பை என்று அர்த்தம். தோவாளை, அகஸ்தீஸ்வரம் ஆகிய தாலுகாக்களைக் கொண்ட இந்த நாடு, 1956-ஆம் வருஷம் நவம்பர் மாதம் 1-ந் தேதி சென்னை ராஜ்யத்தோடு சேரும் வரையில் முதலில் திருவாங்கூர் சமஸ்தானத்திலும் பின்பு திருவாங்கூர்-கொச்சி ராஜ்யத்திலும் இருந்தது. அந்தச் சமஸ்தானத்தின் நெற்களஞ்சியம் என்று பேரும் வாங்கியது. பழையாறும் குளங்களும் பாய்கிற பூமி. தென்மேற்கு மழையும் வடகிழக்கு மழையும் இரண்டுமே எட்டுகிற இடமானதால் வருஷத்துக்கு இரண்டு பூ. கன்னி மாதத்தை, அதாவது புரட்டாசியை ஒட்டி அறுப்பது கன்னிப்பூ. கும்ப மாதத்தை, அதாவது மாசியை ஒட்டி அறுப்பது கும்பப்பூ. நெற்பயிரைப் பூவென்றே சொல்லிப் பழகியவர்கள் நம் ஜனங்கள்.

இந்த இரண்டு பூவுக்குள் எவ்வளவு அறிவு அடங்கியிருக்கிறது பாருங்கள்! கன்னிப்பூவுக்குப் புழுதியில் விதைப்பதா, தொழியடித்து நடுவதா என்று நிலத்தைப் பார்த்துத் தீர்மானிக்க வேண்டும். கட்டிச்சம்பா போன்ற பழைய நெல் எந்த வயலுக்குத் தகும், எதற்குத் தகாது என்று தெரிய வேண்டும். எந்த மடையை எவ்வளவு நேரம் திறந்தால் கடைசி வயலுக்குத் தண்ணீர் எட்டும் என்று கணக்கிருக்க வேண்டும். நெல்லைப் பல்லில் கடித்துப் பார்த்தே அறுக்கலாமா, நாலு நாள் பொறுக்கலாமா என்று சொல்ல வேண்டும். இவ்வளவும் எழுத்து வாசனை மறுக்கப்பட்ட ஜனங்களின் மூளையிலிருந்த அறிவு. இதில் எந்த வரி எந்த வேதத்தில் எழுதியிருக்கிறது என்று கேட்கிறேன்.

வேதத்தில் இல்லாவிட்டால் போகட்டும். மனுதர்ம சாஸ்திரத்தின் 10-ஆம் அத்தியாயத்தில் உழவைப் பற்றி என்ன சொல்லியிருக்கிறதென்றால், உழவு நல்லதென்று சிலர் நினைத்தாலும் பெரியோர் அதை இகழ்வார்களாம். ஏனெனில், இரும்பு முனை வைத்த மரம் பூமியையும் பூமிக்குள் இருக்கும் ஜந்துக்களையும் வதைக்கிறதாம். ஆகவே பிராமணன் அதை விலக்க வேண்டுமாம். பூமியைக் கிழிப்பது பாவம். ஆனால் கிழித்து விளைந்த நெல்லைப் பொங்கித் தின்பது மாத்திரம் பாவமில்லை! இதைவிட சௌகரியமான தர்மம் உலகத்தில் வேறெங்கேனும் உண்டா?

வேலையில் பிறந்த வழக்கம்

தோழர்களே! சுயமரியாதைக்காரன் பழைய வழக்கம் என்றாலே கொளுத்தச் சொல்லுகிறவன் என்று சிலர் பிரசாரம் செய்கிறார்கள். அது பொய். ஒரு வழக்கம் ஏன் வந்தது, அதனால் யாருக்குப் பிரயோஜனம் என்று கேட்கிறவன்தான் சுயமரியாதைக்காரன். அப்படிக் கேட்டுப் பார்த்தால் வயல் வழக்கங்கள் இரண்டு ஜாதியாய்ப் பிரிகின்றன. ஒன்று, வேலைக்குள்ளிருந்தே பிறந்தது. மற்றொன்று, வேலையின் முதுகில் ஏறி உட்கார்ந்தது.

களத்துக்குள் செருப்புப் போட்டு வரக்கூடாது என்பார்கள். களம் லட்சுமி இருக்குமிடம் என்று காரணம் சொல்லுவார்கள். உண்மையான காரணம் என்ன? மண்ணும் கல்லும் நெல்லில் கலக்கக்கூடாது, அவ்வளவுதான். தூற்றிக் குவித்த பொலியின்மேல் சாம்பலாலோ சாணிக் கரைசலாலோ குறி போடுவார்கள். பூதம் வாரிக்கொண்டு போகாமலிருக்கக் குறி என்று குழந்தைகளுக்குச் சொல்லுவார்கள். பூதம் எங்கே வருகிறது? இராத்திரியில் யாராவது ஒரு பக்கம் வாரினால் குறி கலைந்து காலையில் காட்டிக் கொடுத்துவிடும். பூட்டில்லாத காலத்துப் பூட்டு அது. நடுகையிலும் அறுப்பிலும் பெண்கள் பாடுவது எதற்கு? கை எல்லாம் ஒரே சீராய் ஓடவும், குனிந்த முதுகின் வலி மறக்கவும். தை மாதத்தில் மாட்டைக் குளிப்பாட்டி, கொம்புக்கு வர்ணம் பூசி, நுகத்தடி வைக்காமல் விடுகிறோமே, அது உழைத்த பிராணிக்கு ஒரு நாள் ஓய்வு. இவைகளில் ஒன்றுக்கும் நான் விரோதியல்ல. இவைகள் உழைத்தவர்களின் புத்தியிலிருந்து வந்தவை.

வேலையின் மேல் ஏறிய வழக்கம்

இனி மற்றதைப் பாருங்கள். விதைக்க நல்லநாள் பார்க்கப் பஞ்சாங்கக்காரரிடம் போகிறோம். 1897-இல் தொடங்கி 1906-இல் முடிந்த பேச்சிப்பாறை அணை வேலையை நடத்தியவர் மிஞ்சின் என்ற வெள்ளைக்கார எஞ்சினீயர். அந்த அணை வந்தபின் கோதையாற்றுத் தண்ணீர் நம் வயலுக்கு வர ஏற்பட்டது. இன்று மடை திறக்க உத்தரவு போடுவது சர்க்கார். அணையில் தண்ணீர் எத்தனை அடி நிற்கிறது என்று பார்த்து உத்தரவு போடுகிறார்களே யொழிய, எந்த நட்சத்திரம் நிற்கிறது என்று பார்த்தா போடுகிறார்கள்? தண்ணீரில்லாத நல்லநாளில் விதைத்தவன் பிழைத்தானா? தண்ணீர் வந்த கெட்டநாளில் விதைத்தவன் கெட்டானா? உங்கள் அனுபவத்தைக் கொண்டே சொல்லுங்கள்.

மழையில்லாவிட்டால் கொடும்பாவி கட்டித் தெருத்தெருவாய் இழுத்து ஒப்பாரி வைப்பது தமிழ் நாட்டில் பல இடங்களில் உண்டு. தவளைக்குத் தவளையைக் கல்யாணம் பண்ணி வைப்பதும் உண்டு. பெண்பிள்ளை ஏரைத் தொட்டால் மழை பெய்யாது என்று ஒரு சாஸ்திரம். வடக்கே பீகார், ஐக்கிய மாகாணம் என்றிருந்த பக்கங்களிலோ, மழை பெய்யாவிட்டால் பெண்கள் ஏர் பிடித்து உழ வேண்டும் என்று ஒரு சாஸ்திரம்! இங்கே பெண் தொட்டால் மழை ஓடிப்போகிறது. அங்கே பெண் தொட்டால் மழை ஓடிவருகிறது. மழைக்குப் புத்தி கெட்டுப் போயிற்றா, மனிதனுக்குப் புத்தி கெட்டுப் போயிற்றா?

இவைகளாவது சிரித்துவிட்டுப் போகத்தக்கவை. சிரிக்க முடியாத ஒன்றைச் சொல்லுகிறேன். நிறைபுத்தரி என்று ஒரு சடங்கு. ஆடி மாதத்தையொட்டி முதலில் முற்றிய நெற்கதிரை அறுத்துக் கட்டாகக் கட்டிக் கோவிலுக்குக் கொண்டுபோய்ப் பூசை செய்து, அந்தக் கதிரை ஜனங்களுக்குக் கொடுப்பார்கள். வீட்டு வாசலில் கட்டினால் வருஷம் முழுவதும் நிறையும் என்பது நம்பிக்கை. கன்னியாகுமரி பகவதி கோவிலில் இது இன்றும் நடக்கிறது. அந்தக் கதிரை விளைவித்தவர் யார்? சேற்றில் நின்று நட்டவரும் களை பறித்தவரும் யார்? பெரும்பாலும் தீண்டப்படாதவர் என்றும் கண்ணில் படக்கூடாதவர் என்றும் ஒதுக்கப்பட்ட மக்கள். திருவாங்கூரில் கோவில் கதவு அவர்களுக்குத் திறந்தது 1936-ஆம் வருஷம் நவம்பர் 12-ந் தேதி. சுசீந்திரத்தில் கோவிலைச் சுற்றிய தெருவில் நடப்பதற்கே 1926-இல் டாக்டர் எம். ஈ. நாயுடு முதலியவர்கள் சத்தியாக்கிரகம் செய்ய வேண்டியிருந்தது. ஆகவே அதுவரையில் எத்தனையோ நூறு வருஷம் கதிர் கோவிலுக்குள் போயிற்று. கதிரை விளைவித்தவர் தெருமுனையில் நின்றார். அவர் கை பட்ட கதிர் சுவாமிக்கு ஆகும், அவர் ஆகமாட்டார்!

இதில் இன்னொரு வேடிக்கையையும் கவனியுங்கள். அவர் அறுத்த நெல்லுக்குத் தீட்டில்லை. அவர் அடித்த, தூற்றிய, சுமந்து வந்து பத்தாயத்தில் கொட்டிய நெல்லுக்குத் தீட்டில்லை. அதே நெல் அரிசியாகிச் சோறானபின் அவர் தொட்டால் மாத்திரம் தீட்டு. தீட்டு என்பது நெருப்பிலிருந்து வருகிறதா, பானையிலிருந்து வருகிறதா? இரண்டுமில்லை. நெல் வரையில் தீட்டென்று சொன்னால் மேல்ஜாதிக்காரன் தானே வயலில் இறங்கவேண்டி வரும். சோறு வந்தபின் தீட்டென்று சொல்லாவிட்டால் பக்கத்தில் உட்கார வைத்துப் போடவேண்டி வரும். சாஸ்திரம் எவ்வளவு ஜாக்கிரதையாய்க் கோடு கிழித்திருக்கிறது பாருங்கள்!

லாபம் யாருக்கு?

களத்தில் நெல் அளக்கும்போது முதல் மரக்காலை ஒன்று என்று சொல்லமாட்டோம். லாபம் என்று சொல்லுவோம். லாபம், ரெண்டு, மூணு என்று 21 மரக்கால் போனால் ஒரு கோட்டை. அளக்கிறவர் கூலியாள். வாய் நிறைய லாபம் என்று சொல்லுகிறவர் அவர். அந்த லாபம் யாருடைய கோட்டையில் விழுந்தது? சொன்னவர் மடியில் விழுந்தது நாழிக் கணக்குதானே! உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்குக்கூட மிஞ்சாது என்று பழமொழியே இருக்கிறது. மிஞ்சாது என்றால் எங்கே போயிற்று? காற்றிலா போயிற்று?

போன வழியைச் சரித்திரம் சொல்லுகிறது. அழகியபாண்டியபுரத்து முதலியார் குடும்பத்திலிருந்து கிடைத்த பழைய ஓலைகளில் மனிதரை மனிதர் விற்ற ஓலைகளும் இருக்கின்றன. நிலம் விற்பது போலவே ஆளையும் எழுதி விற்றிருக்கிறார்கள். திருவாங்கூரில் அடிமை முறை சட்டப்படி ஒழிந்தது 1855-இல். அதே சமஸ்தானத்தில் ஊட்டுப்புரை என்று வைத்துப் பார்ப்பனர்களுக்கு வேளை தவறாமல் இலவசச் சாப்பாடு நடந்தது. நட்டவர் கஞ்சிக்கு நிற்க, நடாதவருக்குப் பந்தி. ஆனால், தோழர்களே, எல்லாவற்றையும் பார்ப்பனர் தலையில் போட்டுவிட்டு நாம் தப்பித்துக்கொள்ள முடியாது. ஆளை விலைக்கு வாங்கியவர்களிலும், வரப்பில் குடை பிடித்து நின்று அதட்டியவர்களிலும் நம் ஆட்கள் தாராளமாய் இருந்தார்கள். தனக்கு மேலே இருப்பவனை மாத்திரம் கேள்வி கேட்பது சுயமரியாதையாகாது. தனக்குக் கீழே இருப்பவன் கேட்கும் கேள்விக்குப் பதில் சொல்லுவதும் சேர்ந்ததுதான் சுயமரியாதை.

இன்னொரு கணக்கு. 1811-ஆம் வருஷ வாக்கில், மன்றோ திவானாயிருந்த காலத்தில், கோவில்களையும் அவைகளின் நிலங்களையும் திருவாங்கூர் சர்க்கார் தன் வசம் எடுத்துக்கொண்டது. அதற்குப் பதிலாகக் கோவில் செலவைச் சர்க்கார் ஏற்றது. அந்தப் பாத்தியம் ராஜாக்கள் போனபின்னும் போகவில்லை. இந்திய அரசியல் சட்டத்தின் 290-ஏ பிரிவைப் படித்துப் பாருங்கள். திருவாங்கூரிலிருந்து இங்கு வந்த பகுதியிலுள்ள கோவில்களுக்காக வருஷந்தோறும் 13 லட்சத்து 50 ஆயிரம் ரூபாய் இந்த ராஜ்யத்தின் பொக்கிஷத்திலிருந்து கொடுக்க வேண்டுமென்று அதில் எழுதியிருக்கிறது. சுவாமியின் நிலம் போனதற்கு நஷ்டஈடு அரசியல் சட்டத்தில் ஏறிவிட்டது. 1855-இல் விடுதலையான அடிமைக்கு, தலைமுறை தலைமுறையாய் அவன் உழுத நிலத்தில் ஒரு மரக்கால் விதைப்பாடாவது கொடுக்க வேண்டுமென்று எவனாவது எழுதி வைத்தானா? கல்லுக்கு ஞாபகமிருந்தது, மனிதனை மறந்தார்கள்.

வெள்ளைக்கார உழவன் கதை

இந்தப் பைத்தியம் நமக்கு மாத்திரம் உரியது என்று வெட்கப்பட வேண்டாம். வெள்ளைக்காரனுக்கும் இருந்தது. இங்கிலாந்தில் ஜனவரி மாதம் 6-ந் தேதிக்குப் பின்வரும் முதல் திங்கட்கிழமைக்குக் கலப்பைத் திங்கள் என்று பேர். உழவுக்காரர்கள் அலங்கரித்த கலப்பையை வீடுவீடாய் இழுத்துக்கொண்டு போய்க் காசு கேட்பார்கள். பழைய காலத்தில் அந்தக் காசில் மாதாகோவிலில் கலப்பை விளக்கு என்று ஒரு விளக்கு எரித்தார்கள். நம் ஊரில் முதல் கதிருக்கு மரியாதை என்றால் அங்கே கடைசிக் கதிருக்கு மரியாதை. வயலில் கடைசியாய் நிற்கும் தாளில் தானியத்தின் ஆவி ஒளிந்திருக்கிறதென்று நம்பி, அதை அறுத்துப் பொம்மையாக முடைந்து அடுத்த வருஷம் வரையில் வைத்திருப்பார்கள். ஜேம்ஸ் பிரேசர் என்ற அறிஞர் 1890-இல் வெளியிடத் தொடங்கிய புத்தகத்தில் இப்படி உலகமெங்குமுள்ள அறுவடைச் சடங்குகளைத் திரட்டி வைத்திருக்கிறார். எல்லா நாட்டு உழவனுக்கும் ஒரே பயம். பயத்துக்கு ஒரே மருந்து.

சரி, அந்தக் கலப்பைத் திங்களாலும் கதிர்ப் பொம்மையாலும் ஆங்கில உழவனுக்கு வயிறு நிறைந்ததா? அறுத்த வயலில் உதிர்ந்த கதிரை ஏழைகள் பொறுக்கிக்கொள்ளுவது அங்கே தொன்றுதொட்ட வழக்கம். பைபிளிலும் அதற்கு இடமிருக்கிறது. 1788-இல் அவர்களுடைய கோர்ட்டு, அது சட்டப்படியான பாத்தியமல்ல என்று தீர்ப்புச் செய்துவிட்டது. கதிரடிக்கும் இயந்திரம் வந்து மாரிக்காலக் கூலி போனபோது, 1830-இல் தென் இங்கிலாந்து முழுவதும் ஏழைகள் எழுந்து இயந்திரங்களை உடைத்தார்கள். அதற்காக 19 பேரைத் தூக்கில் போட்டார்கள், நூற்றுக்கணக்கானவர்களைக் கப்பலேற்றினார்கள். 1834-இல் டால்பட்டில் என்ற கிராமத்தில் 6 கூலியாட்கள் சங்கம் வைக்கச் சத்தியம் செய்துகொண்டதே குற்றமென்று ஏழு வருஷ சிட்சை கொடுத்து ஆஸ்திரேலியாவுக்கு அனுப்பினார்கள். நாடெங்கும் ஜனங்கள் கிளர்ச்சி செய்தபின் 1836-இல் மன்னிப்புக் கொடுக்க நேர்ந்தது. 1872-இல் ஜோசப் ஆர்ச் என்பவர், வேலி வெட்டும் கூலியாய் இருந்தவர், பண்ணையாட்களுக்குத் தேசமளாவிய சங்கம் கண்டார். 1884-இல் அவர்களுக்கு ஓட்டுக் கிடைத்தது. 1885-இல் அதே ஆர்ச் பார்லிமெண்டில் போய் உட்கார்ந்தார். மாதாகோவில் விளக்கு செய்யாததைச் சங்கமும் ஓட்டும் செய்தன. இன்று அந்த ஊரில் கதிர்ப் பொம்மை சுவரில் மாட்டும் கைவேலைப் பொருளாய் இருக்கிறது. அழகாயிருக்கிறதென்று மாட்டுகிறார்கள், பயந்து கும்பிடுவதில்லை. பயம் போனபின் அழகு இருந்துவிட்டுப் போகட்டுமே, யாருக்கு நஷ்டம்?

அவ்வளவு தூரம் போவானேன்? நம் திருவாங்கூரிலேயே அய்யன்காளி என்பவர் இருந்தார். திருவனந்தபுரத்துக்குத் தெற்கே வெங்ஙானூரில் புலையர் குடும்பத்தில் பிறந்தவர். 1907-இல் சாதுஜன பரிபாலன சங்கம் வைத்தவர். எங்கள் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்காவிட்டால் நாங்கள் வயலில் இறங்கமாட்டோம் என்று தம் ஜனங்களை வேலை நிறுத்தம் செய்ய வைத்தார். தீட்டுச் சாஸ்திரம் பேசியவர்கள் தரிசாய்க் கிடந்த வயலைப் பார்த்துப் பேச வந்தார்கள். ஆயிரம் நிறைபுத்தரி செய்யாத வேலையைக் கீழே வைத்த அரிவாள் செய்தது. எழுதப் படிக்கத் தெரியாத அய்யன்காளி பிற்பாடு திருவாங்கூர் பிரஜா சபையில் உறுப்பினராய் உட்கார்ந்து தம் ஜனங்களுக்காக வாதாடினார்.

நாம் செய்ய வேண்டியது

இன்றைக்கு என்ன நிலைமை? அறுப்பு இயந்திரம் வந்துவிட்டது. பலர் நாளெல்லாம் குனிந்து அறுத்ததைச் சிறிது நேரத்தில் அறுத்துத் தள்ளுகிறது. முதுகொடியும் வேலையை இரும்பு செய்வதில் எனக்குச் சந்தோஷமே. பெண்கள் காலமெல்லாம் சேற்றில் குனிந்தே கிடக்கவேண்டுமென்று ஆசைப்படுகிறவன் அவர்களுக்குச் சிநேகிதனல்ல. ஆனால் இயந்திரம் யாருடையது, அதனால் மிஞ்சிய பணம் எங்கே போகிறது, கூலி போனவருக்கு வேறு என்ன வழி என்று கேட்காமலிருந்தால் பழைய லாபக் கதைதான். வயல்களோ வாழைத் தோட்டமாயும் தென்னந்தோப்பாயும் வீட்டு மனையாயும் மாறிக்கொண்டு வருகின்றன. நெல் விளைந்த இடம் சுருங்கிக்கொண்டே போகிறது. கோவிலில் கதிர்க்கட்டு வைக்கும் சடங்கு மாத்திரம் சுருங்கவில்லை. அறிவு சாகிறது, சடங்கு பிழைத்திருக்கிறது! இதுதான் என் மனதை உறுத்துகிற விஷயம்.

ஆகவே மூன்று காரியம் சொல்லுகிறேன். ஒன்று, இந்த ஊரில் வயதான தாய்மார்கள் இருக்கிறார்கள். எந்த நெல் எந்த வயலுக்கு, எந்தப் புல் எந்தப் பயிருக்குச் சத்துரு, எந்தக் குளத்து மடை எந்த வரிசையில் பாயும் என்பதெல்லாம் அவர்கள் தலையில் இருக்கிறது. படித்த வாலிபர்கள் ஒரு நோட்டுப் புஸ்தகத்தை எடுத்துக்கொண்டு அவர்கள் காலடியில் உட்கார்ந்து எழுதிக்கொள்ள வேண்டும். பஞ்சாங்கத்தை அச்சடிக்க எத்தனையோ பேர் இருக்கிறார்கள்; இதை எழுத உங்களைத் தவிர ஆளில்லை.

இரண்டு, ஒரே வயலில், ஒரே வெயிலில் வேலை செய்கிற ஆணுக்கு ஒரு கூலியும் பெண்ணுக்கு ஒரு கூலியும் கொடுப்பதை நிறுத்த வேண்டும். சமக்கூலி கொடுக்க வேண்டுமென்று 1976-லேயே சட்டம் வந்தது. சட்டம் டில்லியில் இருந்தால் போதாது, களத்துக்கு வரவேண்டும். களத்துக்கு அதைக் கூப்பிட்டு வர வேண்டியது நீங்கள்.

மூன்று, அறுவடைத் திருநாளைக் கொண்டாடுங்கள். தாராளமாய்ப் பொங்குங்கள், பாடுங்கள், ஆடுங்கள். ஆனால் முதல் கதிர்க்கட்டை அதை நட்டு அறுத்தவர் கையில் கொடுங்கள். ஊர் நடுவில் நாற்காலி போட்டு உட்கார வைத்துக் கொடுங்கள். எல்லோரும் ஒரே பந்தியில் உட்கார்ந்து அந்தப் புத்தரிசிச் சோற்றைத் தின்னுங்கள். அளக்கும்போது முதல் மரக்காலை லாபம் என்றே சொல்லிக்கொள்ளுங்கள், எனக்கு ஆட்சேபணையில்லை. ஆனால் சொல்லுகிறவர் வீட்டிலும் அது வந்து சேரவேண்டும்.

தோழர்களே! நான் சொல்லிவிட்டேன் என்பதற்காக எதையும் ஒப்புக்கொள்ளாதீர்கள். நெல் முற்றிற்றா என்று பல்லில் கடித்துப் பார்க்கிற நீங்கள், நான் சொன்னதையும் அப்படியே கடித்துப் பாருங்கள். பதராயிருந்தால் துப்பிவிடுங்கள். மணியாயிருந்தால் விதைக்கு வையுங்கள்.